6.5 எச்பி எஞ்சின் போட்ட வயல் வண்டிக்கு எந்தக் கிளச் சரி? போட்டது எரிஞ்சு போட்டுது

மல்லாவிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலயே வெல்டிங் அடிச்சு ஒரு மூண்டு சில்லு வண்டி செய்துகொண்டு இருக்கிறன், அப்பாவுக்காக. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, பொய்க்கால்தான், ஆனா வயலுக்குப் போகாம ஒரு நாளும் இருக்கமாட்டார். லாண்ட்மாஸ்ரர் (ஹான்டில் பிடிச்சு ஓட்டுற ரெண்டு சில்லு உழவு மெசின்) ஒண்டு எடுக்கலாம் எண்டா காசும் காணாது, அதின்ர கிராங்க் சுத்தி ஸ்ரார்ட் பண்ணி ஹான்டிலை மல்லுக்கட்டி வளைக்கிறது அவருக்குச் சரிவராது. அதால பழைய வாட்டர் பம்பில இருந்து 6.5 எச்பி பெற்றோல் எஞ்சின் எடுத்து, பின்னுக்கு ஓட்டோ ரயர் (4.00-8) போட்டு, கால் மிதிக்கத் தேவையில்லாம தானா பிடிக்கட்டும் எண்டு சென்ரிபியூகல் கிளச் வாங்கிப் பூட்டினனான். கிளச்சில 10 பல்லு, அச்சில 60 பல்லு, நேரா ஒரே செயின்.

வெறுமனே கிரவல் றோட்டில ஓடேக்க நல்லா ஓடிச்சுது. போன கிழமை மூண்டு மூட்டை நெல்லு ஏத்திக்கொண்டு வாய்க்கால் கரையால வரேக்க இழுக்கமாட்டன் எண்டு நிண்டுட்டுது, பிறகு புகை, எரிஞ்ச நாத்தம். கழட்டிப் பாத்தா டிரம் நீலமாப் போச்சு. இதையே இன்னும் பெரிசா வாங்கிறதோ, இல்லாட்டி பெல்ற்றில ஓடுற ரோர்க் கொன்வேட்டர் எண்டு ஒண்டு இருக்காமே அதுக்குப் போறதோ, இல்லை மோட்டச்சைக்கிள் எஞ்சினோ? தெரிஞ்ச அண்ணையள் சொல்லுங்கோ, காலபோக நெல்லு வெட்டு முடியிறதுக்குள்ள அவரிட்டக் குடுக்கோணும்.

பரந்தன் லேத்:
தம்பி, பெரிய கிளச் வாங்கினாலும் அதுவும் எரியும். பிழை கிளச்சில இல்லை, பல்லுக் கணக்கில. அந்தக் கிளச்சுக்குள்ள இருக்கிற சப்பாத்து (டிரம்மோட உராஞ்சு பிடிக்கிற கட்டை) 1800 - 2200 ஆர்பிஎம்முக்கு (நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டது) கிட்ட வந்தாத்தான் விரிஞ்சு டிரம்மைப் பிடிக்கும், அதுக்குக் கீழ முழுக்க வழுக்கல்தான். இனி கணக்கைப் பாரும். ஓட்டோ ரயர் ஒருக்காச் சுத்தினா கிட்டத்தட்ட 1.28 மீற்றர் போகும். எஞ்சின் 2000ல நிண்டா 6க்கு 1 கணக்கில அச்சு 333 சுத்து, அதாவது மணிக்கு 25 கிலோமீற்றர். வாய்க்கால் கரையில நெல்லு மூட்டையோட 25ல ஆர் போறது? நீங்கள் போனது ஏழோ எட்டோ இருக்கும், அவ்வளவு நேரமும் சப்பாத்து டிரம்மில தேஞ்சுகொண்டு இருந்திருக்கு. புகை வராம என்ன செய்யும்.

இழுவையும் அப்பிடித்தான். உந்த எஞ்சின் குடுக்கிறது 12 நியூட்டன் மீற்றர் அளவுதான், 6 மடங்காக்கினா ரயர் நிலத்தைத் தள்ளுற விசை 36 கிலோ, அதையே 15 மடங்காக்கினா 90 கிலோ. எஞ்சினுக்கும் பின் அச்சுக்கும் இடையில ஒரு ஜாக் சாஃப்ற் (நடுவில சுத்துற தண்டு) போட்டு ரெண்டு கட்டமாக் குறையுங்கோ. 15க்கு 1 எண்டா முழு வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர், கிளச் பிடிக்கிறது 10ல. ஆனா ஒண்டு, கிளச்சைக் கொண்டுபோய் ஜாக் சாஃப்ற்றில பூட்டிப் போடாதேங்கோ, அங்க சுத்து குறைவு, அது பிடிக்கவே பிடிக்காது. எஞ்சின் சாஃப்ற்றிலதான் இருக்கோணும்.

மற்றது எஞ்சின் சாஃப்ற்றை வேர்ணியர் (நுணுக்கமா அளக்கிற கருவி) வச்சு அளந்தனீங்களோ? இந்த எஞ்சின்களில முக்கால் இஞ்சியும் (19.05 மிமீ) இருக்கு, 20 மிமீயும் இருக்கு, கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். பம்ப் எஞ்சின் சிலதில நுனியில மரை வெட்டியிருக்கும், அதில கிளச் வடிவா இருக்காது.

வவுனியா மெக்கானிக்:
ரோர்க் கொன்வேட்டர் நல்ல சாமான், வேகத்துக்கு ஏத்த மாதிரி விகிதத்தைத் தானா மாத்தும், எடுக்கேக்க 2.7 மடங்கு, ஓட ஓட 0.9க்கு வரும், உங்கட 6க்கு 1 செயினை மாத்தாமலே தொடக்கத்தில 16 மடங்கு கிடைக்கும். ஆனா அதின்ர பெல்ற் ஒரு பக்கம் நேராயும் மற்றப் பக்கம் சரிவாயும் இருக்கிற தனி பெல்ற், சாதாரண வி பெல்ற் போட ஏலாது. வெளியில இருந்து எடுப்பிச்சு, அறுந்தா திருப்பி எடுப்பிச்சு... வயல் நேரத்தில அது சரிவராது. சேறும் தண்ணியும் பட்டாலும் வழுக்கும், நல்ல கவர் போடோணும்.

மல்லாவிப் பெடியன்:
பரந்தன் அண்ணை, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் விளங்கிச்சுது, நான் எஞ்சின்ர எச்பியை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன். ஆனா 15க்கு 1 ஆக்கினாலும் 10க்குக் கீழ வழுக்கும் எண்டுதானே சொல்லுறீங்கள்? சேத்துக்குள்ள அவர் நடை வேகத்திலதான் போவார்.

முள்ளியவளை ஐயா:
தம்பி சரியான இடத்தில கேட்டிருக்கிறீர். அந்த வேகத்துக்குத் தானாப் பிடிக்கிற கிளச் சரிவராது, ஆள் பிடிக்கிற கிளச்தான் வேணும், அது காலாலதான் எண்டு ஆர் சொன்னது? கையால பிடியுங்கோ. சண்டைக் காலத்தில, பொருளாதாரத் தடை இருந்தேக்க பெற்றோல் இல்லாம, ஸ்ரார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டு பெற்றோல் விட்டு மிச்சத்தை மண்ணெண்ணெயில ஓட்டின பம்ப் எஞ்சினுகளை வச்சு நாங்கள் செய்யாத வேலை இல்லை, அப்ப எங்களிட்ட இருந்த கிளச் எல்லாம் பெல்ற்றை இறுக்கிறதும் தளத்துறதும்தான்.

எஞ்சினில 3 இஞ்சி புல்லி, ஜாக் சாஃப்ற்றில 12 இஞ்சி, ஏ சைஸ் வி பெல்ற் ரெண்டு சோடியா, அதுக்குப் பிறகு செயினில 10க்கு 50. மொத்தம் 20க்கு 1, முழு வேகம் 14 வரும், வயலுக்குக் காணும். பெல்ற்றை வேணுமெண்டு கொஞ்சம் தளர்வா விட்டு, ஒரு உருளையைக் கைப்பிடியால அமத்தி இறுக்கோணும். உருளை எந்தப் பக்கம் எண்டதுதான் முக்கியம்: எஞ்சின் புல்லியை விட்டு வெளிய போற பக்கம் தளர்ந்த பக்கம், அதில அமத்துங்கோ. எஞ்சினுக்கு வந்து சேருற பக்கத்தில அமத்தினா கை நோகுமே தவிர பெல்ற் நிக்காது. கைப்பிடி நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பூட்டுற மாதிரி செய்தா அப்பா பிடிச்சுக்கொண்டே இருக்கத் தேவையில்லை. புல்லியைச் சுத்தி ரெண்டு மூண்டு கம்பி ஒட்டி விடும், தளத்தேக்க பெல்ற் கழண்டு போகாது, இழுபடவும் மாட்டுது. பெல்ற் போனா எந்த உதிரிப்பாகக் கடையிலயும் எடுக்கலாம்.

காசு கொஞ்சம் சேந்தா பழைய ரூ ஸ்ரோக் ஓட்டோவின்ர எஞ்சினைப் பாரும். கிளச்சும் கியரும் இடது கையில, றிவேஸ் இருக்கு, டிபரென்சியல் (ரெண்டு பின் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிறது) கூடவே வரும், காத்தாடி இருக்கிறதால மெல்லப் போனாலும் சூடேறாது. மோட்டச்சைக்கிள் எஞ்சினில காத்தாடியும் இல்லை, றிவேஸும் இல்லை, கியர் மாத்திறது இடது காலால. உங்கட அப்பாவுக்கு அது வேண்டாம்.

பரந்தன் லேத்:
ஐயா சொன்னதுதான் சரி. பிறேக்கையும் இப்பவே யோசியும் தம்பி, பெல்ற்றைத் தளத்தினா எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, குளக்கட்டால மூட்டையோட இறங்கேக்க பிறேக் மட்டும்தான் துணை. வலது காலுக்கு மிதி, கையுக்கும் ஒண்டு, பின் சில்லு ரெண்டிலயும் பிடிக்கோணும். வண்டியை மெயின் றோட்டில ஏத்தவும் வேண்டாம்.

மல்லாவிப் பெடியன்:
இப்பத்தான் வேர்ணியர் வாங்கி அளந்தனான். சாஃப்ற் 19.05, கிளச்சின்ர ஓட்டை 20. ஒரு மில்லிமீற்றர் ஆட்டத்தோடதான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு, ஒரு சப்பாத்து மட்டும் பாதியாத் தேஞ்சு கிடக்கு. புல்லி வாங்கேக்க இதே பிழை விடமாட்டன். அப்பாவிட்டக் கைப்பிடியைப் பற்றிச் சொன்னன், இடது கைப் பக்கம் வை, வலது கை ஹான்டிலுக்கு வேணும் எண்டார். சனிக்கிழமை ஜாக் சாஃப்ற் கடையக் குடுக்கிறன். பெல்ற் எத்தினை இஞ்சி நீளம் எண்டு ஐயா ஒருக்காச் சொல்லுங்கோ, ரெண்டு புல்லிக்கும் நடு 16 இஞ்சி வருது.

முள்ளியவளை ஐயா:
57 இஞ்சிக்குக் கிட்ட வரும், தளர்வுக்கு 58 எடும். வாங்கேக்க ரெண்டையும் ஒரே கட்டில இருந்து எடும், நீளம் மாறினா ஒண்டுதான் இழுக்கும்.