பேஷன் ஃப்ரூட்: பூ நிறைய, காய் இல்லை

வணக்கம். மாடியில் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூவின் அழகைச் சொல்லி மாளாது: அடியில் ஊதா, நுனியில் வெள்ளையாகச் சுருள்சுருளாக இழைகள். மதியம் விரிகிறது, இரவில் மூடுகிறது, அப்புறம் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. ஒரு காய்கூட நிற்கவில்லை.

மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறொரு செடியுடையது வேண்டும் என்று தெரியும். அதே கொடியில் வெட்டி நட்ட தண்டும் உதவாது. மகரந்தம் சுமக்கும் பெரிய கருவண்டுகளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தெரிந்தவரிடம் ஊதா ரகம் இருக்கிறது. ஆனால் அது விடியற்காலையில் பூத்து மதியத்துக்குள் மூடிவிடுமே! அதன் மகரந்தத்தை எடுத்துவைத்து, மதியம் தூரிகையால் தடவினால் காய் பிடிக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இல்லை, விதை போட்டு இன்னொரு மஞ்சள் கொடி வளர்ப்பதுதான் வழியா?