ஓடிட்டிருக்குற டேபிள்ல பிரைமரி கீயை இன்டிஜர்ல இருந்து யூயூஐடியா மாத்துறது எப்படி?

மண்டபத்துக்காரன்:
மண்டபத்துல ஒரு மீன் ஏலக் கம்பெனிக்கு ஏலச் சீட்டு (பில்) போடுற ஆப் பண்ணிக் குடுத்திருக்கேன், கிளவுட்ல போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். சீட்டு ஐடிதான் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் தனி அடையாளம்), 1, 2, 3னு போகும். இப்ப பாம்பன்லயும் ஒருத்தர் போன்ல போடுறாரு, கரையில சிக்னல் போயிட்டா ஆஃப்லைன்ல போட்டு அப்புறம் சிங்க் ஆகும், ரெண்டு போனும் ஒரே நம்பரை எடுத்துக்குது. நேத்து ஒரு வல்லத்துக்காரரோட (வல்லம்னா நாட்டுப்படகு) நண்டுச் சீட்டு ஏறவே இல்ல, பாவம் காசுக்கு ரெண்டு மணி நேரம் நின்னாரு, எனக்கு மனசே ஆறல. ஆல்டர் டேபிள் கமாண்ட் அடிச்சா இன்டிஜரை (முழு எண்) யூயூஐடியா (எந்த போன்ல உருவானாலும் மோதாத நீள ஐடி) மாத்த முடியாதுன்னு எரர். 3 லட்சம் ரோ இருக்கு. அழிச்சிட்டு புதுசா ஏத்தணுமா?

தொண்டிக்கரை:
அழிச்சிராதீங்க தம்பி! பழைய ஐடி பக்கத்துலயே யூயூஐடி ஃபீல்டு ஒன்னு சேருங்க, டிஃபால்ட்டா ஜென் ரேண்டம் யூயூஐடி ஃபங்ஷனைக் குடுங்க, போஸ்ட்கிரஸ் 13ல இருந்து எக்ஸ்டென்ஷன் இல்லாமலே இருக்கு. பேமென்ட், எடை டேபிள்லயும் ஒன்னு சேர்த்து பழைய ஐடியை வச்சு ஜாயின் பண்ணி நிரப்புங்க, நல் (காலியா நிக்குற இடம்) எதுவும் இல்லைன்னு பாத்துட்டு ஒரே டிரான்சாக்‌ஷன்ல பழைய ஃபாரின் கீ (மத்த டேபிளை சீட்டு டேபிளோட இணைக்குறது), பிரைமரி கீ ரெண்டையும் எடுத்துட்டு புதுசைப் போடுங்க. ஓடுற வரைக்கும் டேபிள் லாக் ஆகும். முதல்ல பேக்கப்பை வேற இன்ஸ்டன்ஸ்ல ரீஸ்டோர் பண்ணி அதுல ஓட்டிப் பாருங்க. முக்கியமா, ஐடி போன்லயே உருவாகணும், இல்லன்னா டேட்டாபேஸை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. அப்பதான் ஒரே சீட்டு ரெண்டு தடவை சிங்க் ஆனாலும் கண்டுபிடிச்சு தள்ளிரலாம்.

கீழக்கரை பாய்:
நம்பர் தீந்துபோற பிரச்சனைன்னா, அதாவது இன்டிஜரோட உச்சமான 2147483647 தாண்டப்போகுதுன்னா, பிக்இன்ட் (இன்னும் பெரிய முழு எண் டைப்) போதும்னு சொல்லிருப்பேன், உங்களுக்கு மோதல், அதனால யூயூஐடிதான் சரி. ஆனா பழைய நம்பரைத் தூக்கிராதீங்க, யூனிக்கா வச்சுக்கங்க, போட்காரங்க நோட்டுல அந்த நம்பர்தான் இருக்கு, 36 எழுத்தை யாரு போன்ல வாசிச்சுக் காட்டுவா? புதுச் சீட்டுக்கு ம-1, பா-1னு போனுக்கு ஒரு எழுத்து வச்சு நம்பர் குடுங்க. ஏப்ரல் 15 டு ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலத்துல மாத்துனா நிம்மதி.

மண்டபத்துக்காரன்:
தடைக்காலம் விசைப்படகுக்குத்தான பாய், வல்லம் அப்பவும் போகும், அவங்க சீட்டுதான மோதுது, அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. காப்பில ஓட்டிப் பாத்தேன், எடை டேபிள்ல 14 ரோ யூயூஐடி நிரம்பாம காலியா நிக்குது, அதுக்கு ஃபாரின் கீயே போடாம விட்டிருக்கேன், சீட்டு அழிஞ்சும் எடை மட்டும் கிடக்கு. நாளைக்கு ஏலக்காரர் நோட்டோட ஒவ்வொன்னா ஒத்துப் பாத்துட்டு, ராத்திரி சீட்டு ஓஞ்சப்புறம் மாத்துறேன்.