முடிச்சுச் சிற்பம் தொய்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் நார்ச் சிற்பங்கள்போல, தறியில்லாமல் கையாலேயே முடிச்சிட்டு 4 அடி உருவம் செய்கிறேன். 6 மி.மீ. சணல் கயிறு. இடுப்புக்கு மேல் தொய்கிறது. சாயத்தைக் கடைசியில் ஏற்றலாமா?

பதில் 1: மொத்த எடையும் மேல்வரிசை முடிச்சுகளில் தொங்குகிறது, அதான் தொய்வு. 10 மி.மீ. இரும்புக் கம்பியை நடுத்தண்டாக நிறுத்தி, அடிக்கு ஒரு வளையம் வெல்டிங் செய்யுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஏறினால் எடை பிரியும். கம்பிக்குத் துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கோட் அவசியம். ஈரம் பட்டால் துருக்கறை வெளியே வந்துவிடும். முகர்ஜியின் நிற்கும் உருவங்கள் சிலவற்றுக்குள்ளும் உலோகச் சட்டம் உண்டு, படத்தில் தெரியாது.

பதில் 2: சாயம் முதலில்தான்! முடிச்சுக்குள் சாயம் இறங்காது. கயிறு நகர்ந்தால் சாயமேறாத நார் பல்லிளிக்கும், உள்ளே காயாமல் பூஞ்சையும் பிடிக்கும். கயிற்றைச் சிட்டம் போட்டு (தளர்வான வளையமாகச் சுற்றி), சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து அலசி, ரியாக்டிவ் சாயம் (நாரோடு வேதிவினையில் பிணையும் சாயம்) ஏற்றி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். இரண்டாக மடித்துக் கட்டுவதென்றால் உயரத்தைப்போல் 8 மடங்கு, இறுக்கமான முடிச்சுக்கு 10 மடங்கு நீளம் வெட்டணும்.

பதில் 3: முகர்ஜி வரைபடம் போடாமலே முடிச்சிட்டவர் என்பதை நம்பி இறங்காதீங்க. சட்டத்தின் உருவத்தையாவது முன்கூட்டியே வரைந்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் வைக்கவும் வேண்டாம், வெயிலில் சணல் பழுப்பேறி நொறுங்கும்.