மகளுக்கு 13 ஆனதும் அவள் மருத்துவக் குறிப்புகள் எனக்குத் திறக்கவில்லை

மகளுக்கு நாலு வயதிலிருந்து ஆஸ்துமா. இன்ஹேலரை எப்போது மாற்றினார்கள், மூச்சை வெளியே விடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் எவ்வளவு ஊதினாள் எல்லாம் எனக்கு மனப்பாடம். போன வாரம் ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்தால் தடுப்பூசிப் பட்டியலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டும் மட்டும்தான் வருகிறது. டாக்டர் குறிப்பு இல்லை, டெஸ்ட் ரிசல்ட் இல்லை. கவுன்டரில் கேட்டால், "13 முடிஞ்சிடுச்சும்மா, இனி பாப்பா சம்மதிக்கணும்" என்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்கு மூச்சு இழுக்கும்போது முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். ஆபரேஷனுக்கு என் கையெழுத்து வேண்டும், குறிப்பைப் பார்க்க மட்டும் நான் ஆகாதா?

பதில் 1
குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், அக்கா. சிகிச்சைக்குச் சம்மதிப்பது வேறு, குறிப்பைப் பார்ப்பது வேறு. வயதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பொதுவாக 18 வரை பெற்றோர் சம்மதம்தான். இங்கிலாந்தில், சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் 16-க்குக் கீழுள்ள பிள்ளையும் தானே சம்மதிக்கலாம் என்று 1985-ல் கில்லிக் வழக்கில் தீர்ப்பானது. அந்த வழக்கைப் போட்டவரும் ஒரு தாய்தான். அமெரிக்காவில் பெற்றோர் பெரும்பாலும் பார்க்கலாம். பிள்ளை சட்டப்படி தானே சம்மதித்துப் பெற்ற சிகிச்சையின் குறிப்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆப்பில் மூடிவிட்டதால் உரிமையே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ரகசியக் குறிப்பை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாமல் பல இடங்களில் மொத்தமாகவே மூடிவிடுகிறார்கள். ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் டாக்டர் உங்களிடம் மறைக்க மாட்டார்.

பதில் 2
எனக்கு இப்போது 21. பதினைந்து வயதில் தினமும் ராத்திரி அழுவேன், தூக்கம் வராது. டாக்டரிடம் சொல்லப் போகும்போது, "இதை அம்மா படிப்பாங்களா?" என்று கேட்டேன். "படிக்கலாம்" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வந்துவிட்டேன். அம்மா கெட்டவர் இல்லை. அவர் பயந்துபோவாரே என்றுதான். அதன்பிறகு ஒரு வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதில் 3
என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. எங்களுக்கும் இப்படித்தான் மூடினார்கள். பெற்றோர் பார்க்க அனுமதிக்கும் ஃபாரம் ஒன்று உண்டு. சுகர் அளவு, லேப் ரிசல்ட், மருந்து எல்லாவற்றிலும் டிக் போட்டான். கவுன்சலிங் என்ற கட்டத்தை விட்டுவிட்டுப் பேனாவை மூடி, என் முகத்தையே பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு விசிட்டிலும் கடைசிப் பத்து நிமிஷம் நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்
நேற்று அவளிடம் பேசினேன். "மருந்து, ரிசல்ட் எல்லாம் பாரும்மா. நான் டாக்டர்கிட்ட பேசுறது மட்டும் வேண்டாம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. இன்று காலையில் மீட்டரை அவளே ஊதி, எண்ணையும் அவளே நோட்டில் எழுதினாள். திங்கட்கிழமை ஃபாரம் கொடுக்கப் போகிறோம். அடையாள அட்டை யாருடையது வேண்டும்?

பதில் 1
இரண்டு பேருடையதும் எடுத்துப் போங்கள், அக்கா. ஃபாரத்தைப் பாப்பாவே நிரப்பட்டும்.