தனி ஊசல் கிராப்பில் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை, என்ன செய்வது?

வெண்பனி_11:
பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். தனி ஊசல் செய்முறையில் நூலின் நீளத்தை எக்ஸ் அச்சிலும் அலைவு காலத்தின் வர்க்கத்தை, அதாவது டி ஸ்கொயரை, ஒய் அச்சிலும் வைத்து கிராப் போட்டேன். 20 அலைவுகளுக்கு என் ரீடிங்: 60 செ.மீ.க்கு 31.5 விநாடி, 70க்கு 33.9, 80க்கு 36.2, 90க்கு 38.4, 100க்கு 40.4. புள்ளிகள் அழகாக ஒரே கோட்டில் வருகின்றன, ஆனால் அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் ஒய் அச்சை 0.08 பக்கத்தில் வெட்டுகிறது. சார் பார்த்துவிட்டு, சூத்திரப்படி பூஜ்ஜியம் வழியாகத்தான் போகணும், அழித்துவிட்டு அப்படியே போடு என்றார். போட்டேன், கோடு பாதிப் புள்ளிகளுக்கு மேலேயும் பாதிக்குக் கீழேயும் போகிறது, மனசு ஒப்பவில்லை. ரெக்கார்டில் எதை வைப்பது?

கரும்பலகை:
சார் சொல்வதில் தப்பில்லையே. நீளம் பூஜ்ஜியம் என்றால் அலைவு காலமும் பூஜ்ஜியம்தான். 0.08 எல்லாம் ஸ்டாப்வாட்ச் பிழை, விட்டுவிடுங்கள்.

லேப்மேசை:
விடாதீர்கள். உங்கள் புள்ளிகள் சொல்லும் கோட்டையே வையுங்கள்.

நீளத்தை மீட்டரில் எடுத்து இரண்டு கோட்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புள்ளிகளோடு போகும் கோட்டின் சாய்வு 4.00, ஜி, அதாவது ஈர்ப்பு முடுக்கம், என்பது 4 பை ஸ்கொயரைச் சாய்வால் வகுப்பது, அதாவது 39.48ஐ 4.00ஆல் வகுத்தால் 9.87. பூஜ்ஜியம் வழியாக வலிந்து இழுத்தால் சாய்வு ஏறக்குறைய 4.10 ஆகிறது, ஜி 9.64க்கு இறங்கிவிடுகிறது. உண்மையான 9.8க்குப் பக்கத்தில் எது என்று நீங்களே பாருங்கள்.

சரி, அந்த 0.08 எங்கிருந்து வந்தது? நீளத்தை எதுவரைக்கும் அளந்தீர்கள்? கேள்வியில் "நூலின் நீளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரைக்கும். முடிச்சோடு நிறுத்தியிருந்தால் கொக்கியும் குண்டின் ஆரமும் ஒவ்வொரு ரீடிங்கிலும் ஒரே அளவு விடுபட்டிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு இடப்பக்கம் நகர்ந்தால் கோடு மொத்தமாக நகரும், சாய்வு மாறாது. அதனால்தான் உங்கள் ஜி கெடவில்லை. 0.08ஐ 4.00ஆல் வகுத்தால் 0.02 மீட்டர், அதாவது 2 செ.மீ. விடுபட்டது அவ்வளவா என்று குண்டை வெர்னியரில் அளந்து பாருங்கள்.

இதோடு ஒப்பிட இன்னொரு தவறு: குண்டை விட்டதும் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 20 என்பது உண்மையில் 19 அலைவுதான். அப்போது கோடு ஒழுங்காகப் பூஜ்ஜியம் வழியாகவே போகும், ஆனால் சாய்வு குறைந்து ஜி 10.8க்கு மேல் வந்து நிற்கும். பூஜ்ஜியம் வழியாகப் போகும் கோடெல்லாம் சரியான கோடு இல்லை, அது வழியாகப் போகாத கோடெல்லாம் தப்பும் இல்லை.

1672இல் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கயேனில் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். கருவிக் கோளாறு என்று அவர் தள்ளிவிடவில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு குறைவு, பூமி அங்கே புடைத்திருக்கிறது என்று நியூட்டன் வாதாட அந்த அளவீடும் உதவியது.

கரும்பலகை:
ஒத்துக்கொள்கிறேன், சாய்வு மாறாது என்பதை யோசிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். கோட்டின் கீழ்க் கடைசிப் புள்ளி 60இல் இருக்கிறது, அங்கிருந்து பூஜ்ஜியம் வரைக்கும் கோட்டை நீட்டினால் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 விநாடி தவறினாலே 60 செ.மீ.யில் டி ஸ்கொயர் 0.03 மாறுகிறது. அந்த 0.08ஐ எவ்வளவு நம்பலாம்?

லேப்மேசை:
நியாயமான கேள்வி. 30, 40 செ.மீ.க்கும் ரீடிங் எடுங்கள் தங்கச்சி, அப்போது கோட்டை நீட்டும் தூரம் பாதியாகும். சாய்வுக்கு முக்கோணம் போடும்போது ரீடிங் புள்ளிகளை எடுக்காமல் கோட்டின் மேலேயே இரண்டு இடம் எடுங்கள், எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வெண்பனி_11:
இன்று லேபில் எடுத்தேன். 30க்கு 22.6, 40க்கு 25.9. டி ஸ்கொயர் 1.28, 1.68, இரண்டும் பழைய கோட்டின் மேலேயே உட்கார்ந்தன! வெர்னியரில் குண்டின் விட்டம் 2.4 செ.மீ., அதாவது ஆரம் 1.2, கொக்கி 0.8, ஆக விடுபட்டது 2.0. நான் முடிச்சு வரைக்கும்தான் அளந்திருந்தேன். சாரிடம் இரண்டு கிராப்பையும் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருத்திய நீளத்தோடு புதிதாக ஒன்று போட்டுப் பழையதையும் பக்கத்திலேயே ஒட்டு என்றார்.