போர்க்கால விமான ஆவணப்படங்கள்: ஷாட்டின் வேகம், தேதி, நிஜம் எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருள்பெட்டி கேட்டது:

இரண்டாம் உலகப்போர் கால விமானப்படை ஆவணப்படங்களுக்கு ஷாட் வாரியாகக் குறிப்பு எழுதி வருகிறேன். இப்போது கையில் இருப்பவை ‘டார்கெட் ஃபார் டுநைட்’ (1941), ‘மெம்ஃபிஸ் பெல்’ (1944), ‘தண்டர்போல்ட்’ (1947). துப்பாக்கிக் கேமரா (போர் விமானத்தில் பொருத்தியது, சுடும்போது தானே ஓடும்) காட்சிகள் ஒரு படத்தில் படபடவென்று ஓடுகின்றன, இன்னொன்றில் மிதக்கின்றன. எது சரியான வேகம்? ஒரே தாக்குதல் என்று காட்டுவதில் வேறு நாள் ஷாட் கலந்திருந்தால் எப்படிப் பிடிப்பது? இன்னொன்று, ஒரு கோப்பில் விமானம் குறுக்கே போகும்போதெல்லாம் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் வருகின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வான்சக்கரம்:

வேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்கப் போர் விமானங்களின் துப்பாக்கிக் கேமரா 16 மி.மீ., 50 அடி மேகசின். அடிக்கு 40 ஃபிரேம், ஆக மொத்தம் 2000. விநாடிக்கு 16, 32, 64 என்று வேகம் வைக்கலாம். 64-ல் வைத்தால் அரை நிமிடத்தில் சுருள் தீர்ந்துவிடும், 16-ல் வைத்தால் இரண்டு நிமிடம் தாங்கும். தியேட்டரில் படம் ஓடுவது 24-ல். 16-ல் எடுத்ததை அப்படியே வெட்டி ஒட்டினால் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும். 64-ல் எடுத்தது 2.67 மடங்கு மெதுவாகும். அதனால் முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் போட முடியாது, ஷாட் ஷாட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

திருத்துவதற்கு முன் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். மூன்றில் ஒரு ஃபிரேம் முந்தையதன் நகலாக இருந்தால், அதாவது ஒரிஜினல் சுருளின் கீறல்கூட அதே இடத்தில் அசையாமல் நின்றால், 16-ஐ 24 ஆக ஃபிலிம் அச்சிடும் லேபிலேயே நீட்டி அச்சிட்டிருக்கிறார்கள். அதில் கை வைக்காதீர்கள். நகலே இல்லாமல் படபடத்தால் வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள்.

புரொப்பெல்லரை வைத்து வேகத்தைக் கணிக்கவே கூடாது. ஷட்டரோடு சேர்ந்து அது நிற்பதாகவும் பின்னோக்கிச் சுற்றுவதாகவும் தெரியும். தரைத் தாக்குதல் ஷாட் என்றால் வெடித்து எழுந்த மண் கீழே விழுவதைப் பாருங்கள். ஓடுதள ஷாட் என்றால் ஆட்களின் நடையே போதும்.

சுடும்போது இறக்கை அதிரும், படமும் அதிரும். ட்ரிக்கரை விட்ட பின்னும் கேமரா சில விநாடி ஓடும்படி அமைத்திருப்பார்கள். குண்டு எங்கே பட்டது என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. வர்ணனை “இதோ சுடுகிறார்” என்னும்போது படம் ஆடாமல் நின்றால் வர்ணனையை நம்பாதீர்கள்.

இறக்கைக்குறி:

தேதிக்கு முதல் சாட்சி விமானத்தின் உடலில் உள்ள நட்சத்திரக் குறி. 1942 மே வரை அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். 1943 ஜூன் கடைசியில் இருபுறமும் வெள்ளைப் பட்டையும் சுற்றிலும் சிவப்புக் கரையும் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கரையை நீலமாக்க உத்தரவு. 1947 ஜனவரியில் பட்டைக்குள் சிவப்புக் கோடு சேர்ந்தது. உத்தரவு வந்த அன்றே எல்லா விமானத்துக்கும் பெயின்ட் அடித்துவிட மாட்டார்கள். எனவே குறியை வைத்து ‘இதற்கு முன் எடுத்திருக்க முடியாது’ என்று சொல்லலாம், ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் கரையா நீலக் கரையா என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கத்துக்காக அடித்தவை. பி-17 (B-17) குண்டுவீச்சு விமானத்தின் மூக்குக்குக் கீழே துப்பாக்கி டரெட் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) தெரிந்தால் ‘மெம்ஃபிஸ் பெல்’ காலத்து ஷாட் இல்லை. ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற அந்த பி-17 பறந்த நாட்களில் குண்டுவீசும் பி-17-களுக்கு அது வரவில்லை.

அந்தப் படத்தில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் தாக்குதலை 25-வது பயணமாகக் காட்டுகிறார்கள். குழுவினரின் 25-வது பயணம் உண்மையில் 1943 மே 17-ல் பிரான்சின் லோரியாங்குக்கு. காட்சிகளும் பல பயணங்களில், பல விமானங்களிலிருந்து எடுத்தவை. ஆகவே குறிப்பில் ‘படத்தில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் எனக் காட்டப்படுவது’ என்று எழுதுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

‘டார்கெட் ஃபார் டுநைட்’ வேறு வகை. நடிப்பவர்கள் நிஜ விமானப்படையினர், வெலிங்டன் குண்டுவீச்சு விமானமும் நிஜம். ஆனால் ஃப்ரைஹவுசன் என்ற இலக்கு கற்பனை, பறக்கும் விமானத்தின் உட்புறக் காட்சிகள் ஸ்டூடியோவில் எடுத்தவை. அதை ‘மறுநடிப்பு’ என்று தனியாக வகைப்படுத்துங்கள். அதனால் மதிப்புக் குறையாது. 1941-ல் ஒரு குண்டுவீச்சுப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் குறைவு. ‘தண்டர்போல்ட்’டில் பி-47 (P-47) போர் விமானங்களிலேயே கேமராக்களைப் பொருத்தினார்கள். விமானத்தின் பாகம் ஃபிரேமில் அசையாமல் நிற்க, அடிவானம் மட்டும் சாய்ந்தால் அந்த வகை ஷாட்.

எழுத்தும் எண்ணும் இடவலம் மாறித் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். விமானங்கள் எல்லாம் ஒரே திசையில் போவதாகக் காட்ட எடிட்டிங்கில் ஷாட்டைத் திருப்பிப் போடுவதுண்டு.

ஃபீல்டுமேன்:

அந்தக் கோடுகள் 24 ஃபிரேம் படத்தை 29.97 வீடியோவாக மாற்றியதில் வந்தவை. மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டில் கோடு, மறுபடி மூன்று சுத்தம் என்று மாறி மாறி வந்தால் புல்டவுன் (24-ஐ 29.97 ஆக்கும் அந்த முறை) என்று உறுதி. வெறும் டீஇன்டர்லேஸ் (கோடு நீக்கும் வடிகட்டி) போட்டால் கோடு போகும், கூடவே நுணுக்கமும் போகும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் முதலில் ஃபீல்டுமேட்ச் (fieldmatch) வடிகட்டி, அடுத்து டெசிமேட் (decimate) வடிகட்டி. வெளியே வருவது 23.976. அளவு மாற்றுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். யாராவது ஏற்கெனவே அளவு மாற்றிய கோப்பு என்றால் கோடு கரைந்து நிழல் உருவமாகியிருக்கும். அதை மீட்க முடியாது, வேறு பிரதி தேடுங்கள்.

வான்சக்கரம் சார் சொன்ன ‘மூன்றில் ஒரு நகல்’ சோதனையை இந்த வேலை முடிந்த பிறகே செய்யுங்கள். புல்டவுனும் ஃபிரேம்களைத் திரும்பக் காட்டும், இரண்டும் கலந்தால் கணக்கு தப்பும்.

பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் பிரதியில் கோடு இருக்காது, ஆனால் 25-ல் ஓடும். 45 நிமிடப் படம் 43 நிமிடம் 12 விநாடியில் முடியும், குரலும் சற்றே கீச்சென்று ஏறும்.

சுருள்பெட்டி:

மூவருக்கும் நன்றி. எஞ்சின் சத்தத்தை வைத்து விமான வகையைச் சொல்லலாமா? என்னிடமுள்ள ‘மெம்ஃபிஸ் பெல்’ வேறு இளஞ்சிவப்பாக இருக்கிறது.

இறக்கைக்குறி:

சத்தத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வானில் எடுத்தது 16 மி.மீ. கோடாக்ரோம் வண்ண ஃபிலிம், ஒலி கிடையாது. எஞ்சின், துப்பாக்கி ஒலிகள் பிறகு சேர்த்தவை. குழுவினர் இன்டர்காமில் பேசுவதுகூடப் பின்னால் ஹாலிவுட்டில் பதிவு செய்தது.

கோடாக்ரோம் ஒரிஜினல் இருட்டில் வைத்தால் நிறம் நன்றாகவே தாங்கும். இளஞ்சிவப்பாவது ஈஸ்ட்மன்கலர் என்ற வேறு வண்ண ஃபிலிமில் போட்ட பிற்காலப் பிரிண்ட். பழைய ஈஸ்ட்மன்கலரில் சியான் (நீலப்பச்சை) சாயம்தான் முதலில் மங்கும், நிறத் திருத்தத்தால் அது முழுதாகத் திரும்பாது. இயக்குநர் வில்லியம் வைலர் குழு எடுத்த மூலச் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 2018-ல் வந்த ‘த கோல்ட் ப்ளூ’ அவற்றிலிருந்து உருவானது. வெட்டப்படாத சுருள் கிடைத்தால் சந்தேகமான ஷாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த ஷாட்களில் அதே வால் எண்ணும் அதே மேகமும் இருந்தால், ஒரே பயணம் என்று எழுத அது போதுமான ஆதாரம்.