அம்மாவின் சிவப்புக்கல் மோதிரம்: மதுரைச் சொந்தங்களே, ஒரு உதவி

வணக்கம். அம்மா விட்டுச்சென்ற மோதிரத்தில் ஒரு சிவப்புக் கல் இருக்கிறது. என் மகள் ஜூலையில் பிறந்தவள். “ஜூலைக்கு மாணிக்கம்தானேப்பா, எனக்குக் குடுங்க” என்கிறாள். ஜோசியரோ, மிதுன ராசி, புதனுக்கு மரகதம்தான் என்கிறார். இரண்டும் வேறு வேறு கணக்கு. மாதத்துக்கொரு கல் என்ற இன்றைய பட்டியல் 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகள் வகுத்தது. நம்முடையது நவக்கிரகக் கணக்கு, அதில் மாணிக்கம் சூரியனுக்கு. என் மனசு மாணிக்கத்தின் பக்கம்தான். கண்ணகி சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த ஊர் இது. சொக்கநாதரே வணிகராக வந்து மாணிக்கம் விற்றதாகச் சொல்லும் ஊர்.

ஆனால் கல் அசல்தானா? பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார் அம்மா. ஒரு கடையில் கையில் வாங்கியதுமே “கண்ணாடி, மாத்திக்கோங்க” என்றார்கள். மனசு ஆறவில்லை. ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் மாணிக்கத்துக்குச் சுமார் 1.76, அதைப் போலவே தோன்றும் ஸ்பினல் என்ற வேறொரு சிவப்புக் கல்லுக்கு 1.72, கருவியில் அளந்தால் தெரிந்துவிடும். தெற்காவணி மூல வீதிப் பக்கம், கல்லைக் கழற்றாமல் அப்படி அளந்து எழுதித் தருபவர் யாராவது உண்டா? கல் பதித்த பழைய வேலைப்பாடு கெடாமல் மோதிரத்தைச் சின்ன விரலுக்கு இறுக்கித் தரும் ஆசாரி தெரிந்தாலும் சொல்லுங்கள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம்.